அரிக்கமேட்டு மணியும் நம் சங்கத்து அலமாரியும்



நெசவாளர்க்கும் பயிர்த்தொழில் செய்வோர்க்கும் உரிய இவ்விதழில் கண்ணாடியைப் பற்றிய கட்டுரைக்கு இடம் என்ன என்று சிலர் வினவக்கூடும். தறியில் அமர்ந்திருப்பவருக்கும் தென்னேரி மதகடியில் நீர் பார்த்து நிற்பவருக்கும் கண்ணாடி மணியோடு உறவு ஏதும் இல்லை என்றே மேற்போக்காகத் தோன்றும். ஆயினும், கைத்தொழில் ஒன்று எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு கடல் கடந்து புகழ் பெற்றது, எவ்வாறு மங்கிற்று, அதன் எச்சம் எங்கே காட்சிப் பொருளாய் அமர்ந்திருக்கிறது என்பவற்றை அறிவது, இன்றும் கைத்தொழிலால் வாழும் நமக்குப் பெரிதும் பயன் தரும். அக்கருத்துடனேயே இதனை எழுதத் துணிந்தேன்.

கண்ணாடித் தொழில் நம் பகுதிக்குப் புதிதன்று. நமக்கு அண்மையிலுள்ள திருப்பெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் பெருங் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்று இயங்கி வருவதை அனைவரும் அறிவர். ஆனால் அதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, காஞ்சிக்குத் தெற்கே கடலோரத்தில், தமிழ் மண்ணில் கண்ணாடியை உருக்கி மணி செய்து உலகிற்கு அனுப்பிய ஊர் ஒன்று இருந்தது. அவ்வூரின் மேட்டை இன்று அரிக்கமேடு என்கிறோம். அங்கே கிடைத்த மணிகள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. கடுகினும் சற்றுப் பெரியனவாய், சிவப்பும் நீலமும் பச்சையும் மஞ்சளுமாய்க் கிடக்கும் அம்மணிகளைக் கண்டபொழுது எழுந்த எண்ணங்களே இக்கட்டுரைக்கு அடிப்படை.

கண்ணாடி என்பது யாது?

முதற்கண் கண்ணாடியின் இயல்பை அறிதல் வேண்டும். கண்ணாடிக்கு மூலப்பொருள் மணலே. ஆனால் தூய வெண்மணலை மட்டும் உருக்க வேண்டுமாயின் ஏறத்தாழ 1,700 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். பழங்காலத்து விறகு உலையில் அத்துணை வெப்பம் எழாது. எனவே மணலுடன் காரப்பொருள் ஒன்றைச் சேர்த்தனர். காரம் சேர்ந்த மணல் 1,000 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். ஆனால் மணலும் காரமும் மட்டும் சேர்ந்த கண்ணாடி நீரிற் கரைந்து போகும். அதனைத் தடுத்து உறுதி தருவது சுண்ணாம்புச் சத்து. மணல், காரம், சுண்ணாம்பு ஆகிய மூன்றும் அளவோடு கூடினால்தான் நிலைத்த கண்ணாடி கிடைக்கும்.

இங்கே உழவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கோடையில் நிலத்தின் மேல் வெண்மையாய்ப் பூத்து நின்று பயிரைக் கருக்கும் உவர்மண் நம் பகை. சலவைத் தொழிலாளரோ அதனைக் கொண்டு துணி வெளுத்தனர். அந்த உவரில் உள்ள சோடாக் காரமே பண்டைத் தென்னிந்தியக் கண்ணாடியின் ஒரு வகைக்கு மூலப்பொருளாயிற்று. கருங்கல் சிதைந்து உண்டான மணலையும் உவர்க்காரத்தையும் சேர்த்து உருக்கிய அக்கண்ணாடியில் அலுமினியச் சத்து மிகுந்திருக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அகழ்ந்தெடுத்த மணிகளை வேதியியல் முறையில் ஆராய்ந்தோர் இவ்வியல்பைக் கொண்டே அதனை மேலைநாட்டுக் கண்ணாடியினின்றும் பிரித்தறிகின்றனர். உழவனுக்கு உதவாத மண் கைவினைஞனுக்குப் பொன்னாயிற்று.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். சாயத்தொட்டியின் நுட்பம் அறிந்த நெசவாளர்க்கு இது எளிதில் விளங்கும். செம்பைச் சேர்த்தால் கண்ணாடி பசுநீலம் பெறும். அதே செம்பு, புகை மிகுந்து காற்றுக் குறைந்த உலையிற் செந்நிறம் தரும். கோபால்ட்டு கருநீலம் தரும். மாங்கனீசு ஊதா தரும். இரும்பு பச்சை தரும். ஒரே பொருள் நெருப்பின் தன்மைக்கேற்ப இரு வேறு நிறம் தருவதை அறிய ஏட்டுக் கல்வி போதாது. உலைவாயிலில் பல்லாண்டு நின்ற கண்ணே அதனை அறியும்.

அரிக்கமேட்டின் கதை

அரிக்கமேடு புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், ஆறு கடலைச் சேருமிடத்திற்கு அண்மையில் உள்ளது. 1769ஆம் ஆண்டில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்திருந்த லெ ழாந்தீல் என்னும் பிரெஞ்சு வானியல் அறிஞர் இங்குள்ள இடிபாடுகளைக் குறித்து வைத்தார். அதன் பின் நெடுங்காலம் அம்மேட்டை எவரும் பொருட்படுத்தவில்லை. மழை பெய்து மண் கரையும்போது மேலெழும் மணிகளை ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கி விளையாடி வந்தனர். 1937இல் ழூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் அத்தகைய பொருள்களைக் கண்டு அவற்றின் பழமையை உணர்ந்தார். அதன் பின்னரே அறிஞருலகம் திரும்பிப் பார்த்தது.

1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கு அகழாய்வு நடத்தினார். உரோமானிய மதுச்சாடிகளும் இத்தாலிய நாட்டுச் செம்மட்கலங்களும் கிடைத்தன. அவற்றின் காலம் ஐயமின்றித் தெரிந்திருந்ததால், தென்னிந்தியத் தொல்பொருள்களுக்குக் கால வரையறை செய்ய அரிக்கமேடு ஓர் அளவுகோலாயிற்று. 1947 முதல் 1950 வரை காசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் மேலும் ஆராய்ந்தனர். 'பெரிப்ளூசு' என்னும் பழங் கிரேக்கக் கடல்வழி நூல் குறிக்கும் பொதுகே என்னும் துறைமுகம் இதுவே என்று பலரும் கருதுகின்றனர்.

வீலர் முதலில் உரோமானியர் இங்கு என்ன கொணர்ந்தனர் என்பதிலேயே கருத்துச் செலுத்தினார். பின்வந்த ஆராய்ச்சி, இங்குள்ளோர் என்ன செய்தனர் என்பதை வெளிக்கொணர்ந்தது. உருக்கிய கண்ணாடிக் கட்டிகள், இழுத்த குழாய்த் துண்டுகள், அறுத்துச் சிதறிய கழிவுகள், பாதியில் நின்ற மணிகள் ஆகியவை பெருமளவிற் கிடைத்தன. பிற நாட்டு மணிகளை வாங்கி விற்ற சந்தையாக மட்டும் இவ்வூர் இருந்திருப்பின் இக்கழிவுகள் கிடைத்திரா. மணி செய்த பட்டறை இங்கேயே இருந்தது என்பதற்கு அக்குப்பையே சான்று. தறிப்பட்டறையை இடித்துப் பல நூற்றாண்டு கழிந்த பின் ஒருவர் தோண்டினால், பட்டுச் சேலை கிடைக்காவிடினும் தறிக்குழி கிடைக்கும் அன்றோ? அதனைப் போன்றதே இது.

அரிக்கமேடு ஒன்று மட்டுமே மணி செய்த ஊர் அன்று. கடலூர் அருகிலுள்ள காரைக்காட்டிலும் மணித்தொழில் நடந்துள்ளது. பழனிக்கு அண்மையிலுள்ள பொருந்தலில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. இராசன் நடத்திய அகழாய்வில் கண்ணாடி மணிகள் ஆயிரக்கணக்கிற் கிடைத்தன. அதே பொருந்தலில் ஈமக்குழி ஒன்றினுள் நான்கு கால் கொண்ட சாடியில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. அந்நெல்லின் காலம் கி.மு. 490ஐ ஒட்டியது என அறிவியல் ஆய்வு காட்டிற்று. மணியும் நெல்லும் ஓரூரிலேயே கிடைத்தமை, கைவினைஞரும் உழவரும் அடுத்தடுத்து வாழ்ந்த பழமையை நமக்கு நினைவூட்டுகிறது.

ஊர் கூடிச் செய்த மணி

இம்மணிகள் எவ்வாறு செய்யப்பட்டன? இவ்வினாவுக்கு விடை கிடைத்த வகையே இக்கட்டுரையின் உயிர்நாடி.

அருங்காட்சியகத்தில் உள்ள மணி தன் செய்முறையைத் தானே சொல்லாது. கண்ணாடியிற் சிக்கிய நுண் குமிழிகள் துளையின் போக்கிலேயே நீண்டிருப்பதால், இது குழாயாக இழுத்து அறுத்த மணி என்று மட்டும் அறியலாம். எவ்வளவு கண்ணாடியை, எந்தக் கருவியால், எத்தனை பேர் கூடி இழுத்தனர்? குழாயின் நடுவே துளை மூடாமல் இருந்தது எங்ஙனம்? இவற்றுக்கு மணியிடம் விடை இல்லை. விடை கிடைத்தது உயிருள்ள மனிதரிடம்.

ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் இடைப்பட்ட பகுதியில் பாப்பாநாயுடுபேட்டை என்னும் ஆந்திரச் சிற்றூர் உள்ளது. காளத்தி, கலம்காரித் துணி ஓவியத்திற்குப் பேர்பெற்றது என்பதை நெசவாளர் அறிவர். அதன் அருகிலேயே பழைய முறைப்படி கண்ணாடி மணி செய்யும் குடும்பங்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் தொழில் நடத்தி வந்தன. உலக மணிகளை ஆராய்ந்த பீட்டர் பிரான்சிசு என்னும் அமெரிக்க அறிஞர் அவர்கள் தொழிலைக் கண்டு எழுதினார். அதன் பின்னரே அரிக்கமேட்டுக் கழிவுகளின் பொருள் தெளிவாயிற்று.

அம்முறை வருமாறு: இளகிய கண்ணாடியைத் திரட்டித் திரட்டி நீண்ட இரும்புக் குழல் ஒன்றின் முனையில் பெரும் பிண்டமாக ஏற்றுவர். குழலினூடே இரும்புக் கம்பி ஒன்றைச் செலுத்திப் பிண்டத்தின் நடுவே துளை உண்டாக்குவர். பின்னர் அதனை உலையின் ஒரு வாயில் வழியே உள்ளே வைப்பர். எதிர் வாயிலில் அமர்ந்திருக்கும் தலைமைக் கைவினைஞர் கொக்கியால் பிண்டத்தின் நுனியைப் பற்றி இழுப்பார். நூற்கும் கதிரில் பஞ்சு நூலாக நீளுவது போலக் கண்ணாடி மெல்லிய குழாயாக நீளும். கை மாற்றிக் கை மாற்றி ஏறத்தாழ மூன்று மணி நேரம் இடைவிடாது இழுப்பார். விரைந்து இழுத்தால் குழாய் மெலிந்து அறும். தாழ்த்து இழுத்தால் தடித்துப் போகும். நூலின் பருமன் ஒருபடித்தாய் இருக்க வேண்டும் என்னும் நூற்போர் நெறியே அங்கும் நெறி.

இழுத்த குழாயை ஒடித்து, கூரிய இரும்பு விளிம்பின் மேல் வைத்துச் சிறு துண்டுகளாக வெட்டுவர். வெட்டிய துண்டின் விளிம்பு கையைக் கீறும். அதனை மழுங்கச் செய்யச் சாம்பலுடன் கலந்து, துளைகளில் சாம்பல் ஏறும்படி செய்து, சட்டியிலிட்டு மீண்டும் சூடேற்றிக் கிளறுவர். வெளி விளிம்பு இளகி உருளும். உள்ளே சாம்பல் அடைத்திருப்பதால் துளை மூடாது. பிறகு சாம்பலை நீக்கி, சல்லடையில் அளவு பிரித்து, சரமாகக் கோப்பர். உலை காப்போர், பிண்டம் திரட்டுவோர், இழுப்போர், வெட்டுவோர், உருட்டுவோர், கோப்போர் எனப் பலர் கைபட்டே ஒரு மணி உருவாகிறது. ஒருவரால் தனித்துச் செய்ய இயலாத தொழில் இது. கோர்வைச் சேலை நெய்ய இருவர் கை வேண்டும். பாவு தோய்க்கத் தெருவே கூட வேண்டும். நாம் சட்டம் இயற்றிச் சங்கம் அமைக்கும் முன்பே, தொழிலின் இயல்பே மக்களைக் கூட்டுறவில் சேர்த்திருந்தது.

கடல் கடந்த புகழும் அதன் தேய்வும்

இவ்வாறு செய்த சிறு மணிகள் இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குவான் லுக்பாட், வியட்நாமின் ஓக் இயோ முதலிய இடங்களிலெல்லாம் கிடைத்துள்ளன. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் கிடைத்துள்ளன. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் கடலின் ஓரத்திலும் பரவிக் கிடந்தமையால் 'இந்தோ பசிபிக் மணிகள்' என்று பிரான்சிசு இவற்றுக்குப் பெயரிட்டார். மணிகள் மட்டுமன்றி மணி செய்யும் நுட்பமும் கடல் கடந்தது. மாந்தையிலும் தென்கிழக்காசியத் துறைமுகங்களிலும் உலைகள் எழுந்தன.

பல நூற்றாண்டுகள் இவ்வணிகம் நடந்தது. பின்னர் ஐரோப்பியக் கப்பல்கள் வந்தன. வெனிசு நகரத்து மணிகள் உலகச் சந்தையிற் புகுந்தன. 17ஆம் நூற்றாண்டளவில் இந்தோ பசிபிக் மணிகளின் கடல் வணிகம் பெரிதும் சுருங்கிற்று. 19ஆம் நூற்றாண்டில் பொகீமிய நாட்டு மணிகள் மலிவாக வந்து குவிந்தன. தொலைநாட்டில் வாங்குவோர் யார் என்பதை மணி செய்தோர் அறியார். அவர் அறிந்தது இடைநின்ற வணிகரை மட்டுமே. அவ்வணிகருக்கு மலிவான வேறு சரக்குக் கிடைத்ததும் உலை அணைந்தது. இடைத்தரகரை மட்டும் நம்பிய தொழிலுக்கு நேரும் கேடு யாது என்பதை நெசவாளர்க்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முரானோ காட்டும் வழி

நம் மணிகளை வென்ற வெனிசின் கதையும் அறியத் தக்கது. 1291ஆம் ஆண்டில் தீ விபத்துக்கு அஞ்சி வெனிசு அரசு தன் கண்ணாடி உலைகளையெல்லாம் முரானோ என்னும் தீவுக்கு மாற்றிற்று. அத்தீவினர் பல நூற்றாண்டு உலகப் புகழ் பெற்றனர். ஆனால் 1797இல் வெனிசுக் குடியரசு வீழ்ந்தது. தொழிலாளர் சங்கங்கள் கலைக்கப்பட்டன. பொகீமியாவின் போட்டி அவர்களையும் தாக்கிற்று. பழைய நுட்பங்கள் பலவும் மறைந்து போகும் நிலை உண்டாயிற்று.

அந்நிலையில் 1861இல் வின்சென்சோ சனெத்தி என்னும் பாதிரியாரும் ஊர்த்தலைவரும் முயன்று அத்தீவின் பழங் கண்ணாடிப் பொருள்களையும் ஆவணங்களையும் திரட்டிக் காட்சிச்சாலை ஒன்றை அமைத்தனர். அதனைப் பயணிகள் கண்டு களிப்பதற்காக மட்டும் அவர்கள் அமைக்கவில்லை. அடுத்த ஆண்டே அதனுடன் வரைகலைப் பள்ளி ஒன்றைச் சேர்த்தனர். உலையில் வேலை செய்யும் தொழிலாளர் விடுமுறை நாள்களில் அங்கு வந்து, முன்னோர் செய்த பொருள்களைப் பார்த்து வரைந்து பயின்றனர். மறைந்துபோன முறைகள் மீண்டும் கைக்கு வந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முரானோ தொழில் புத்துயிர் பெற்றது. இன்றும் அக்காட்சிச்சாலை அங்கு நடைபெறுகிறது.

காட்சிச்சாலை என்பது இறந்த தொழிலுக்கு எடுத்த நடுகல்லாகவும் இருக்கலாம். உயிருள்ள தொழிலுக்கு வைத்த விதைக்குதிராகவும் இருக்கலாம். அரிக்கமேட்டு மணிகள் முதல் வகை. முரானோவின் காட்சிச்சாலை இரண்டாம் வகை. தொழில் உயிரோடு இருக்கும்போதே திரட்டினார்களா, இல்லையா என்பதுதான் இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு.

ஒரு காசு நிதி

இதற்கெல்லாம் பெரும்பொருள் வேண்டுமே என்று தளர வேண்டா. கண்ணாடித் தொழிலிலேயே அதற்கும் சான்று உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மராட்டிய நாட்டில் அந்தாஜி தாமோதர் காளே என்பவர், நாட்டுத் தொழில் வளர ஆளுக்கு ஒரு பைசா தருக என்று ஊர் ஊராய்ச் சென்று திரட்டினார். திலகர் அம்முயற்சிக்குத் துணை நின்றார். அந்தப் 'பைசா நிதி'யைக் கொண்டு 1908இல் புனேவுக்கு அருகிலுள்ள தளேகாவில் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கண்ணாடி நுட்பம் பயின்று வந்த ஈசுவரதாசு வார்சினை என்பவர் அங்குத் தலைமை ஏற்றார். அது சரக்குச் செய்ததோடு நில்லாமல் இளைஞர்க்குப் பயிற்சியும் அளித்தது. அங்கே பயின்றோர் நாட்டின் பல பகுதிகளிலும் கண்ணாடித் தொழிலைப் பரப்பினர். செல்வர் ஒருவர் ஆயிரம் தருவதினும் ஆயிரவர் ஒரு காசு தருவது வலிது. ஏனெனில் அங்கே ஆயிரவருக்கும் அத்தொழில் தம்முடையதாகிறது. கூட்டுறவுச் சட்டம் 1904இல் வந்ததும் அவ்வாண்டிலேயே முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு பெற்றது நம் காஞ்சிபுரத்தில் அன்றோ? இக்கொள்கையை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை.

எழுதியவர் செய்த பிழை

இவ்விடத்தில் என் பிழை ஒன்றை மறைக்காது கூறுதல் கடமை. கூட்டுறவு ஆய்வாளராகப் பணியேற்ற தொடக்கக் காலத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் ஆண்டு இருப்புச் சரிபார்ப்புக்குச் சென்றிருந்தேன். கிடங்கின் மூலையில் தகரப்பெட்டி ஒன்று இருந்தது. அதனுள் பழைய கரை மாதிரித் துண்டுகளும், கரையான் ஓரம் அரித்த கட்டத்தாள்களும், பென்சிலில் இழைக்கணக்கு எழுதிய குறிப்பேடு ஒன்றும் இருந்தன. இருப்புப் பதிவேட்டில் அவற்றுக்கு மதிப்பு இல்லை. இடமோ நெருக்கடி. 'பயனற்றவை, கழிக்கலாம்' என்று நான் எழுதிக் கையொப்பமிட்டேன். ஜரிகை இருந்த துண்டுகளை எரித்து வெள்ளி எடுப்பவர் எடைக்கு வாங்கிச் சென்றார். தாள்கள் அடுப்புக்குச் சென்றன. விதிப்படி நான் செய்தது தவறன்று.

நான்காண்டு கழித்து அதே சங்கத்திற்கு ஓர் அம்மையார் தம் பாட்டியாரின் கூறைச்சேலையைக் கொண்டுவந்து, தம் மகளின் திருமணத்திற்கு அதே கரையில் நெய்து தருமாறு கேட்டார். சேலை மடிப்புத்தோறும் கிழிந்திருந்தது. கரையின் ஒரு பகுதி முற்றும் அழிந்திருந்தது. "பெட்டியில் இந்தக் கரை இருந்ததே!" என்று முதியவர் ஒருவர் சொன்னார். அக்கரைக்கு அடை கட்டத் தெரிந்த கைவினைஞர் ஈராண்டுக்கு முன்பே மறைந்துவிட்டார். அம்மையார் சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சென்றார். ஒரு சேலைக்கான கேட்பு போனதைப் பற்றி மட்டும் நான் வருந்தவில்லை. மணி மட்டும் எஞ்சி, அதனைச் செய்த கை போய்விட்ட அரிக்கமேட்டின் நிலையை நம் ஊரில் நாமே உண்டாக்கிக் கொள்கிறோம் என்பதைப் புதுச்சேரிக் காட்சிப் பெட்டியின் முன் நின்றபொழுதுதான் முழுதும் உணர்ந்தேன்.

சங்கந்தோறும் ஓர் அலமாரி

ஆகவே, ஒவ்வொரு சங்கத்திலும் பூட்டுள்ள ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்குமாறு உறுப்பினர்களை வேண்டுகிறேன். பெரிய கட்டடம் வேண்டா. செய்ய வேண்டியவை வருமாறு:

1. மாதிரித் துண்டு. உறுப்பினர் வீடுகளிலுள்ள பழைய சேலைகளின் கரை, முந்தி ஆகியவற்றின் துண்டுகளைத் திரட்டுக. சேலையைத் தர மனமில்லாதவரிடம் தெளிவான புகைப்படம் எடுத்துக்கொள்க. பட்டையும் ஜரிகையையும் வெயிலும் ஈரமும் படாமல், மடிக்காமல், தூய பருத்தித் துணியிற் சுற்றி வைத்தல் நன்று.

2. கணக்கு. பாவு இழை, ஊடை இழை, கரையின் அகலம், கோர்வை சேரும் இடம், பேட்னி போட்ட முறை ஆகியவற்றைத் துண்டோடு எழுதி இணைக்க வேண்டும். கணக்கில்லாத துண்டு, விலாசமில்லாத கடிதம் போன்றது.

3. சொல். இதுவே தலையாயது. முதிய நெசவாளர் தறியில் அமர்ந்து வேலை செய்யும்போது, அவர் பேச்சையும் கையசைவையும் கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். மயிற்கண், ருத்திராட்சம், ரேக்கு என்னும் பெயர்களுக்கு அவர் தரும் விளக்கத்தை அவர் சொல்லிலேயே எழுதுக. பாப்பாநாயுடுபேட்டையார் வாய் திறந்ததனாலேயே அரிக்கமேட்டின் கழிவு பொருள் பெற்றது என்பதை மறவற்க.

4. பதிவேடு. இப்பொருள்களுக்கெனத் தனிப் பதிவேடு இருத்தல் வேண்டும். பொதுப்பேரவையின் தீர்மானமின்றி இதிலுள்ள எதனையும் கழிக்கவோ விற்கவோ கூடாது என்று முடிவு செய்துவிடின், என்னைப் போன்ற ஆய்வாளர் எவரும் அவசரத்திற் கையொப்பமிட இயலாது.

5. பயன். அலமாரி பூட்டியே கிடப்பின் அது நடுகல்லே. மாதம் ஒரு நாள் இளைய நெசவாளர் கூடி, ஒரு மாதிரியை எடுத்துக் கட்டத்தாளில் வரைந்து பயில வேண்டும். காஞ்சியிலுள்ள நெசவாளர் சேவை மையத்தாரின் துணையையும் நாடலாம்.

உழவர் சங்கத்தார்க்கும் இதில் பங்கு உண்டு. பூங்கார், கிச்சிலிச் சம்பா, காட்டுயானம் போன்ற பழைய நெல் வகைகளின் கதிரையும், அவற்றின் பருவம், நீர்த் தேவை, மண் பொருத்தம் பற்றிய முதியோர் குறிப்பையும் திரட்டலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. துண்டு அலமாரியில் நூறாண்டு இருக்கும், நெல் இராது. பொருந்தல் சாடியிலிருந்த நெல் காலத்தைக் காட்டிற்றே அன்றி முளைக்கவில்லை. விதையைக் காக்கும் காட்சிச்சாலை வயலே ஆகும். எனவே உறுப்பினர் சிலர் முறை வைத்து, ஆண்டுதோறும் சில சென்டு நிலத்தில் ஒரு வகையை விதைத்து, புது விதையைச் சங்கத்திற்குத் திருப்பித் தருதல் வேண்டும்.

இதற்கான செலவைத் துணைவிதிகள் இடந்தரும் அளவில் பொதுநல நிதியிலிருந்தோ, உறுப்பினர் தரும் சிறு தொகையிலிருந்தோ ஏற்கலாம். பைசா நிதியின் நினைவு நமக்கு ஊக்கமாகுக.

ஓர் ஐயமும் விடையும்

"பழைய கரையைப் பாதுகாத்தால் எம் வயிறு நிறையுமா?" என்று நெசவாளர் ஒருவர் கேட்பின், அது நேர்மையான கேள்வியே. அலமாரி தானே கூலி தாராது. முரானோவிலும் காட்சிச்சாலை மட்டும் தொழிலை மீட்கவில்லை. செய்த பொருளுக்கு நல்ல விலை கொடுப்போரும் கிடைத்தனர். ஆகவே, பழைய கோர்வைக் கரையை மீட்டு நெய்பவருக்கு அதன் உழைப்புக்கேற்ற கூலியைச் சங்கம் வரையறுக்க வேண்டும். ஆண்டுக்குச் சில சேலைகளேனும் அவ்வகையில் நெய்யப் பணித்து, அவற்றின் வரலாற்றைச் சீட்டில் எழுதி, இடைத்தரகரின்றி விற்பனை செய்ய வேண்டும். அவ்வாறு செய்யாது அலமாரி மட்டும் வைப்பது அரைவேலையே. ஆனால் அலமாரியே இல்லையாயின், நாளை நல்ல விலை தருவோர் வந்தாலும் அவர்க்குக் காட்ட நம்மிடம் ஒன்றும் இராது. அந்த அம்மையார் பையை எடுத்துக்கொண்டு சென்ற காட்சி அதற்குச் சான்று.

அரிக்கமேட்டில் மூன்று மணி நேரம் கைமாற்றிக் குழாய் இழுத்த கைவினைஞரின் பெயர் எவர்க்கும் தெரியாது. அவர் கைவேலை கடல் கடந்தது. அவர் சொல் கரை சேரவில்லை. நம் முதியோரின் சொல்லையாவது நாம் காப்போம். அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்திற்கு வரும் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு பழந்துண்டையோ, ஒரு பிடி விதையையோ கையோடு கொண்டுவரின், அலமாரி அன்றே நிறையத் தொடங்கும்.